நான் தட்டிய எழுத்தை நானே படமாக்கினேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திண்டுக்கல்லில் இருக்கிறேன். மாவட்ட அளவிலான ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள். எந்தத் துறை என்று சொல்லப்போவதில்லை. பார்வை இல்லாதவர்களால் வாசிக்க முடியாத பிடிஎஃப்பை அனுப்புவது எல்லா அலுவலகத்திலும்தான் நடக்கிறது. அதோடு, கீழே எழுதப்போகும் தவறுகளில் பாதியைச் செய்தது நான்தான்.

1988 இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஸ்டென்சில் தாளில் தட்டச்சு செய்வோம். ஓர் எழுத்து பிசகினால் சிவப்புத் திரவத்தைத் தடவி, வாயால் ஊதிக் காயவைத்து, அதன் மேலே திரும்பத் தட்ட வேண்டும். அப்புறம் பிரதி எடுக்கும் ரோனியோ மிஷின், கையெல்லாம் மை. அந்தக் காலத்துச் சுற்றறிக்கையைப் பார்வை இல்லாத ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வாசித்துக் காட்டினால்தான் உண்டு. காகிதத்தின் குணம் அது, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் கம்ப்யூட்டர் வந்து இத்தனை வருடம் கழித்தும் அதே நிலைமையை நாங்கள் மெனக்கெட்டு, மின்சாரம் செலவழித்து, தினமும் உண்டாக்கிக்கொண்டிருந்தோம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

2021 இல் எங்கள் பிரிவுக்கு ஓர் இளநிலை உதவியாளர் வந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். தேர்வு எழுதி, முறையாகப் பணி நியமனம் பெற்று வந்தவர். அவரை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அவருக்கு என்ன வேலை கொடுப்பது என்று முதல் வாரம் முழுக்க அவர் காதுபடவே பேச்சு நடந்தது. போன் எடுக்கச் சொல்லலாமா, சும்மா உட்காரச் சொல்லலாமா என்று. அவர் மடிக்கணினியைத் திறந்து, ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டு, "மேடம், எல்லாருக்கும் இருக்கிற மாதிரி எனக்கும் ஒரு சீட்டைப் பிரிச்சுக் கொடுங்க. பேப்பர் மட்டும் கம்ப்யூட்டருக்குள்ள இருக்கட்டும்" என்றார். அலுவலகத்தில் சீட் என்றால் ஒருவர் கவனிக்கும் வேலைப் பகுதி.

அவர் வைத்திருந்தது என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006 இல் எழுதத் தொடங்கிய மென்பொருள். இன்றைக்கும் இலவசம். திரையில் உள்ள எழுத்தை அது வாசிக்கும். அதன் தமிழ்க் குரல் ஜலதோஷம் பிடித்த இயந்திரம் மாதிரி இருக்கும். தம்பி வைத்திருந்த வேகத்தில் எனக்குத் தகரக் கூரையில் மழை விழுவதுபோலக் கேட்டது. அவருக்கோ ஒரு சொல் தப்பாது. நான் ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் அவர் மூன்று பக்கம் போயிருப்பார்.

ஆனால் எங்கள் அலுவலகத்துக் காகிதங்கள் கம்ப்யூட்டருக்குள் இருந்தும் இல்லாத மாதிரிதான். மேலிடத்தில் இருந்து வரும் சுற்றறிக்கை எல்லாம் ஸ்கேன் செய்த பிடிஎஃப். திறந்தால், ஆவணம் காலியாக இருப்பதாகத் தெரிகிறது என்று ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு வரும், அவ்வளவுதான். அதனால் தினமும் காலையில் அரை மணி நேரம் நான் வாசித்துக் காட்டுவேன். அதைப் பெரிய புண்ணியம்போல நினைத்துக்கொண்டும் இருந்தேன்.

அண்ணன் மகள் கல்யாணத்துக்காக நான் நான்கு நாள் விடுப்பு போட்டேன். அந்த நான்கு நாளில் ஒரு பயிற்சிக்கான சுற்றறிக்கை வந்தது. யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று தம்பி அதைத் தன் போனில் இருந்த செயலி ஒன்றில் போட்டு வாசிக்க வைத்திருக்கிறார். படத்தில் இருந்து எழுத்தைப் பிரித்துப் படிக்கும் செயலி அது. தேதியின் மேலே அலுவலக முத்திரை லேசாக ஏறியிருந்தது. 16 என்பதை அது 18 என்று வாசித்துவிட்டது. 18 ஆம் தேதி இவர் பஸ் ஏறிப் போய் நின்றார். கூடம் பூட்டிக் கிடந்தது.

பயிற்சிக்கு வராததற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அதை அவருக்குச் சார்வு செய்து கையெழுத்து வாங்க வேண்டியது கண்காணிப்பாளராகிய நான். அந்த மெமோவும் ஸ்கேன் செய்த பிடிஎஃப்தான். "வாசிங்க மேடம்" என்றார். ஒரு மனிதனுக்கு வந்த மெமோவை அவனுக்கே வாசித்துக் காட்டுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தம்பி பதில் எழுதினார். பொருள், பார்வை (எந்தக் கடிதத்தைக் குறித்து என்ற விவரம்) எல்லாம் முறைப்படி. முதல் வரி எனக்கு இன்னும் மனப்பாடம்: "பார்வை 1 இல் கண்ட சுற்றறிக்கை எனக்கு வெற்றுத் தாளாகக் கிடைக்கப்பெற்றது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." எங்கள் அதிகாரி அதை இரண்டு தடவை படித்தார். மெமோவை மேல் நடவடிக்கை இல்லாமல் முடித்துவிட்டு, என்னைக் கூப்பிட்டு, "வெற்றுத் தாளா எப்படிம்மா போகும்?" என்று கேட்டார்.

எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடமாக நான்தானே அனுப்பினேன். கடிதத்தைக் கம்ப்யூட்டரில் தட்டுவேன். அப்போது அது எழுத்து. அச்சு எடுப்பேன். அதிகாரி பச்சை மையில் கையெழுத்துப் போடுவார், முத்திரை குத்துவோம், ந.க. எண் எழுதுவோம். அதை ஸ்கேனரில் கவிழ்த்துப் படம் எடுத்து, அந்தப் படத்தை மின்னஞ்சலில் அனுப்புவோம். காலையில் எழுத்தாக இருந்தது சாயங்காலம் போட்டோவாகிவிடும். கையெழுத்து வேண்டும் என்பதற்காக எழுத்தைக் கொன்றுவிடுகிறோம்.

சரி, தட்டச்சு செய்த ஃபைலையே கொடுத்துவிடுவோம் என்று என்னிடம் இருந்த ஒரு பழைய சுற்றறிக்கையைத் தம்பிக்கு அனுப்பினேன். அவர் இயர்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் போட்டார். மிஷின் ஆங்கிலத்தில் "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்" என்று ஆரம்பித்தது. நான் பயந்துபோனேன். தம்பி சிரித்தார். "இது பாமினி மேடம். தமிழ்னு எழுதியிருக்கீங்க" என்றார்.

இது என் வயதுத் தட்டச்சர்களுக்குத்தான் முழுசாகப் புரியும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கம்ப்யூட்டர் உள்ளே வைத்திருப்பது ஆங்கில எழுத்துகளைத்தான். மேலே தமிழ் முகமூடி போட்டிருக்கும். கண்ணுக்கு முகமூடி தெரியும். ஸ்கிரீன் ரீடருக்கு முகம்தான் தெரியும். தமிழ் எழுத்தைத் தமிழாகவே உள்ளே வைக்கும் யூனிகோடைத் தமிழக அரசு 2010 இலேயே அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. நாங்கள் கை பழகிவிட்டது என்று பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்தும் பழசிலேயே ஓட்டிக்கொண்டிருந்தோம். அந்த வாரமே மாறினேன். முதல் பத்து நாள் விரல் தடுமாறியது. அவ்வளவுதான் கஷ்டம்.

யூனிகோடில் தட்டிக் கொடுத்தேன், வாசித்தது. வெற்றி என்று நினைத்தேன். தம்பி, தலைப்புக்குத் தலைப்பு தாவ உதவும் ஹெச் விசையை ரெண்டு தடவை தட்டிவிட்டு, "தலைப்பே இல்லையே மேடம்" என்றார். "இருக்கே, நடுவில் பெரிசாக, தடித்த எழுத்தில், அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேனே" என்றேன். அது கண்ணுக்குத் தலைப்பு. ஸ்கிரீன் ரீடருக்கு அதுவும் ஒரு வரி, அடுத்ததும் ஒரு வரி. இருபத்தெட்டுப் பக்க அறிவுரைத் தொகுப்பில் தனக்கு வேண்டிய இடம் எங்கே என்று தெரிய முதல் வரியில் இருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டும்.

அலுவலகத்தில் கனமான கோப்பை மேலே அனுப்பும்போது, அதிகாரி பார்க்க வேண்டிய பக்கங்களில் கொடி வைத்து அனுப்புவோம். கொடி அ, கொடி ஆ என்று. இல்லாவிட்டால் கோப்பு முகத்தில் வந்து விழும். கம்ப்யூட்டர் ஆவணத்தில் டேக் என்று சொல்வது அதுதான். இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல், இது அட்டவணை, இதற்கு அடுத்து இதைப் படி என்று ஆவணத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் வைக்கும் கொடி. பிடிஎஃப் என்ற வடிவம் அடிப்படையில் எந்த எழுத்தைத் தாளில் எந்த இடத்தில் வைப்பது என்பதை மட்டும்தான் கவனிக்கும். டேக் இல்லாவிட்டால் இரண்டு பத்தியாகப் பிரித்த அறிவிப்பில் இடது பத்தியின் முதல் வரியையும் வலது பத்தியின் முதல் வரியையும் சேர்த்துக்கூட வாசித்துவிடும். பிடிஎஃப்பில் டேக் வைக்கும் வசதி 2001 இலேயே வந்துவிட்டது. எல்லாரும் படிக்கத்தக்க பிடிஎஃப் எப்படி இருக்க வேண்டும் என்று 2012 இல் உலகத் தரமே வகுத்துவிட்டார்கள். நாங்கள் ஒருவரும் அந்தக் கொடியைக் கேள்விப்பட்டதே இல்லை.

இதற்குத் தனிக் கம்ப்யூட்டர், தனிப் படிப்பு எதுவும் வேண்டாம். வேர்டில் தலைப்பைப் பெரிதாக்குவதற்குப் பதிலாக ஹெட்டிங் என்ற ஸ்டைலைத் தேர்ந்தெடுத்தால் போதும், அதுவே தடிமனும் கொடுக்கும், கொடியும் வைக்கும். பிறகு பிரிண்ட் கொடுத்துப் பிடிஎஃப் ஆக்காமல், சேவ் ஆஸ் வழியாகப் பிடிஎஃப் ஆக்க வேண்டும். பிரிண்ட் வழியாகப் போனால் வைத்த கொடியெல்லாம் உதிர்ந்துவிடும். எனக்கு இந்த ஒரு வித்தியாசம் தெரிய முப்பத்து மூன்று வருட சர்வீஸ் ஆனது.

அட்டவணை பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுத அனுமதியுங்கள். பணிமூப்புப் பட்டியல் எங்கள் அலுவலகத்தின் உயிர்நாடி. அதில் ஓர் ஆளுக்கு மூன்று தேதி வரும். பிறந்த தேதி, பணியில் சேர்ந்த தேதி, தகுதிகாண் பருவம் முடித்த தேதி. மேலே தலைப்பு வரிசை ஒரே ஒரு தடவைதான். நூற்று நாற்பதாவது ஆளுக்குப் போகும்போது ஸ்கிரீன் ரீடர் மூன்று தேதியை வரிசையாகச் சொல்லும். எது எந்தத் தேதி? நம் கண் சட்டென்று மேலே போய்த் தலைப்பைப் பார்த்துவிட்டு வரும். அவர் மனதிலேயே எண்ணிக்கொண்டு கேட்க வேண்டும். இதில் அழகுக்காக நடுநடுவே காலி வரிசை விட்டிருப்பேன், இரண்டு கட்டத்தை ஒன்றாக இணைத்திருப்பேன். எண்ணிக்கை அங்கேயே தவறிவிடும். முதல் வரிசையை, பக்கம்தோறும் திரும்ப வரும் தலைப்பு வரிசை என்று குறித்துவிட்டால் கதையே வேறு. அடுத்த கட்டத்துக்கு நகரும்போதெல்லாம் "பணியில் சேர்ந்த தேதி" என்று சொல்லிவிட்டு அப்புறம் தேதியைச் சொல்கிறது. அப்படிக் குறித்துக் கொடுத்த முதல் பட்டியலில், இரண்டு பேருக்குச் சேர்ந்த தேதி பிறந்த தேதிக்கு முன்னால் இருப்பதைத் தம்பிதான் கண்டுபிடித்தார். கண் இருக்கிற நாங்கள் ஐந்து பேர் ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பட்டியல் அது.

அடுத்தது படம். தவறவிட்ட பயிற்சியை மறுபடி நடத்தியபோது இடத்தைக் காட்ட ஒரு வழி வரைபடம் இணைத்தேன். படத்தின் மேல் மவுஸின் வலது பொத்தானைச் சொடுக்கினால் மாற்று உரை எழுத ஒரு கட்டம் வரும். அதில் எழுதுவதை ஸ்கிரீன் ரீடர் படத்துக்குப் பதிலாக வாசிக்கும். நான் பெருமையாக "வழி வரைபடம்" என்று எழுதினேன். தம்பி கேட்டுவிட்டு, "வழி வரைபடம்னு தெரியுது மேடம். வழி?" என்றார்.

திருத்தி எழுதினேன்: "பேருந்து நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் வலது பக்கம். இரண்டாவது சிக்னலில் தபால் நிலையம். அதற்கு எதிரில் உள்ள சந்தில் இடது பக்கம் மூன்றாவது கட்டடம். கூட்டம் முதல் தளத்தில்." வாசலில் இரண்டு படி உண்டு என்பது படத்திலேயே இல்லை. அந்தக் கட்டடத்துக்கு நான் போயிருக்கிறேன் என்பதால் அதையும் சேர்த்தேன். எங்கள் ஜீப் டிரைவர் அந்தப் படத்தை ஒதுக்கிவிட்டு, நான் எழுதியதைப் போனில் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இன்னொரு தடவை மனுக்கள் பற்றிய ஒரு வரைபடம். மாதத்துக்கு ஒரு தூண். நான் நீலத் தூண் உயரம், சிவப்புத் தூண் அதைவிடக் குட்டை என்று நிறம் நிறமாக எழுதி வைத்தேன். தம்பி பொறுமையாகக் கேட்டார், "இந்தப் படத்தை அதிகாரி எதுக்குப் போடச் சொன்னார் மேடம்?" ஜூன் மாதம் மனுக்கள் இரண்டு மடங்கானதைக் காட்டத்தான். "அப்ப அதை எழுதுங்க." அதனால்தான் சொல்கிறேன், மாற்று உரை எழுதுவதைக் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தள்ளிவிட முடியாது. படம் ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிந்த ஆள்தான் எழுத முடியும்.

உற்சாகத்தில் ஒரு கட்டத்தில் எல்லாவற்றுக்கும் எழுத ஆரம்பித்துவிட்டேன். ஒவ்வொரு இணைப்பின் தலையிலும் நான் ஒட்டும் அரசு முத்திரைக்கும்கூட. கோபுரம், தேசியக் கொடி என்று முழு வர்ணனை. பதினொரு இணைப்பு. தம்பி ஆறாவதில் நிறுத்திவிட்டு, "மேடம், கோபுர தரிசனம் ஒரு தடவை போதும்" என்றார். அலங்காரப் படத்தை அலங்காரம் என்று குறித்துவிட்டால் ஸ்கிரீன் ரீடர் பேசாமல் தாண்டிப் போகும். அதையும் அன்றைக்குத்தான் கற்றேன்.

கையெழுத்துப் பிரச்சினையை எங்கள் அதிகாரி ரொம்ப எளிதாகத் தீர்த்தார். கையெழுத்திட்ட ஸ்கேன் பிரதி ஒன்று, அதோடு நான் தட்டிய ஃபைலில் இருந்து டேக்கோடு எடுத்த பிடிஎஃப் ஒன்று, இரண்டையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார். எந்த விதியும் இதைத் தடுக்கவில்லை. மின்கையொப்பம் இருக்கிற இடத்தில் இரண்டு பிரதிகூட வேண்டாம். டேக் வைத்த ஆவணத்திலேயே கடைசியாக அதைப் போட்டுக்கொள்ளலாம். அவர் மாறுதலாகிப் போன பிறகு இந்த வழக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது. ஒரு நல்ல அதிகாரியோடு வந்து அவரோடு போகிற பழக்கங்கள் எங்கள் அலுவலகங்களில் நிறைய உண்டு.

"இப்போதுதான் போனே படத்தைப் படித்துவிடுகிறதே, இதெல்லாம் எதற்கு?" என்று என் மகனே கேட்கிறான். படிக்கிறதுதான். வீட்டு வாசலில் ஒட்டிய கேபிள் டிவி நோட்டீஸுக்கு அது போதும். 16 ஐ 18 என்று படித்ததற்கு மெமோ வாங்கியவர் போன் இல்லை, அந்தத் தம்பி. அதோடு, எழுத்தைப் படமாக்கிவிட்டு அந்தப் படத்தில் இருந்து எழுத்தைத் தேடுவது, இட்லியை மறுபடி மாவாக்குகிற மாதிரியான வேலை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 42 ஆவது பிரிவு, ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் உள்ள எல்லா உள்ளடக்கமும் அவர்கள் அணுகத்தக்க வடிவில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. அதன் கீழ் 2017 இல் வந்த விதிகளில் 15 ஆவது விதி வெறும் பரிந்துரை மாதிரி இருக்கிறது, சட்டத்தின் நோக்கத்துக்கு முரணானது என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டாயமான தரங்களை மூன்று மாதத்தில் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவும் போட்டது. "வேண்டும்" என்பதற்கும் "செய்யலாம்" என்பதற்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஒரு அலுவலகம் முப்பது வருடம் தூங்கும். எனக்குத் தெரியும், நானும் தூங்கியிருக்கிறேன். 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு இன்னும் ஒரு படி மேலே போய், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21 ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. நாட்டில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது 2011 மக்கள்தொகைக் கணக்கு. அவர்களில் எத்தனையோ பேர் இன்றும் ஒரு அரசாணையை அடுத்தவர் வாயால்தான் கேட்கிறார்கள்.

உங்கள் வாசகர்களில் அலுவலகம், பள்ளி, வங்கி, கூட்டுறவு சங்கம் என்று எங்காவது பிடிஎஃப் தயாரிக்கிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள். இன்றைக்கு அனுப்பப்போகும் பிடிஎஃப்பைத் திறந்து, ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து, வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தேர்ந்தெடுக்கவே முடியவில்லையென்றால் அது போட்டோ. ஆங்கில எழுத்தாகக் கொட்டினால் பழைய எழுத்துரு. கொம்பும் காலும் இடம் மாறி வந்தால் அதுவும் வாசிப்பில் குழப்பும். ஒழுங்காக வந்தால், தலைப்பும் அட்டவணையும் சரியாகக் குறித்திருக்கிறீர்களா என்று அடுத்துப் பார்க்கலாம்.

உங்களிடமும் ஒரு குறை உண்டு, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மின்னிதழ் பக்கம் பக்கமாகப் படமாகத்தான் வருகிறது. தம்பி இப்போது வேறு ஊரில் இருக்கிறார். இந்தக் கடிதத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். "வந்தா லிங்க் அனுப்புங்க மேடம்" என்றார். கடிதத்தை யூனிகோடில், தலைப்புக்கு ஹெட்டிங் வைத்து இணைத்திருக்கிறேன். இடம் போதாவிட்டால் பாதியாக வெட்டிக்கொள்ளுங்கள், மனக்குறை இல்லை. உங்கள் இணையதளத்தில் எழுத்தாகப் போட்டுவிடுங்கள். அச்சான பக்கத்தைப் போனில் போட்டோ பிடித்து அவருக்கு நான் அனுப்ப முடியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர்,
திண்டுக்கல்.
(பெயர், முகவரி தனியே இணைத்துள்ளேன். வெளியிட வேண்டாம்.)